நட்பும் விதியும்: இங்கிலாந்தின் இளம்பெண்கள் நட்புச் சங்கத்தில் வழிகாட்டுதல் முறை

முன்னுரை

அனுபவம் மிக்க பெண் ஒருவர் இளையவர் ஒருவருக்குத் துணைநிற்றல் என்பதே திருச்சபை சார்ந்த வழிகாட்டுதல் திட்டங்களின் அடிப்படை. இம்முறையைத் தொடக்கக் காலத்திலேயே பெரிய அளவில் நடைமுறைப்படுத்திய அமைப்புகளுள் ஒன்று, ஆங்கிலிக்கன் திருச்சபையின் இளம்பெண்கள் நட்புச் சங்கம். அத்துணை எந்த நிபந்தனையின்மேல் நின்றது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சங்கமும் அதன் நடைமுறையும்

1874ஆம் ஆண்டு லண்டன் லாம்பெத் அரண்மனையில் மேரி எலிசபெத் டவுன்செண்டு அம்மையாரும் அவர்தம் நண்பர்களும் கூடித் திட்டமிட்ட இச்சங்கம், 1875இல் செயற்படத் தொடங்கியது. வீட்டு வேலைக்காகக் கிராமத்தை விட்டு நகரம் சென்ற மணமாகாத பெண்களே இதன் முதன்மை நோக்கு. வசதி படைத்த பெண்கள் ‘துணையாளர்’ எனவும், உழைக்கும் பெண்கள் ‘உறுப்பினர்’ எனவும் சேர்க்கப்பட்டனர். துணையாளர் ஆங்கிலிக்கன் திருச்சபையினராக இருத்தல் வேண்டும். உறுப்பினர்க்கு அக்கட்டாயம் இல்லை. இருசாராரும் ஆண்டுச் சந்தா செலுத்தினர். ஆகவே இதனை வெறும் தருமமாகக் கருத இயலாது.

சங்கத்தின் உண்மையான வலிமை கடிதத்தில் இருந்தது. உறுப்பினர் ஒருவர் வேறூருக்கு வேலைக்குச் செல்லும்போது, அவருடைய துணையாளர் அவ்வூர்த் துணையாளருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுவார். அறிமுகமற்ற நகரில் இறங்கும் பெண்ணுக்குச் சென்று காண ஒருவர் இருப்பார். தங்கும் விடுதிகளும் வேலைவாய்ப்புப் பதிவகங்களும் இதனுடன் இணைந்தன. 1913ஆம் ஆண்டளவில் இங்கிலாந்திலும் வேல்சிலும் துணையாளர் ஏறத்தாழ 40,000 பேரும், உறுப்பினர் 2 இலட்சத்தை நெருங்கியும் இருந்தனர். சராசரியாக ஐந்து பெண்களுக்கு ஒரு துணையாளர் என்னும் இவ்விகிதம் இன்றைய திட்டங்கள் பலவற்றுக்கும் எட்டாதது.

மூன்றாம் விதி

சங்கத்தின் மூன்றாம் மைய விதி, ஒழுக்கமுடையவள் எனப் பெயர்பெற்ற பெண்ணையே உறுப்பினராக ஏற்றது. அப்பெயரை இழந்தவள் தன் உறுப்பினர் அட்டையையும் இழப்பாள் என்றது. இதில் வரும் ஆங்கிலச் சொல்லைத் தமிழில் ‘நன்னடத்தை’ என்று பெயர்த்தால் பொருள் நீர்த்துப்போகும்; விதி கருதியது கற்பையே.

வீட்டு வேலைப் பெண்ணுக்கு முந்தைய எசமானியின் நற்சான்று இன்றேல் அடுத்த வேலை அரிது. நற்பெயர் கெட்ட நாளிலேதான் அவளுக்குத் துணை மிகத் தேவைப்பட்டது. அந்நாளிலேயே சங்கத்தின் அட்டையும் கைவிட்டுப் போயிற்று. வீழ்ந்தோரை மீட்பது பிற அமைப்புகளின் பணி, தம் பணி வருமுன் காப்பதே என்பது விதியை ஆதரித்தோர் வாதம். இதில் நியாயம் இல்லாமல் இல்லை: உறுப்பினர் அட்டைக்கு வேலை தருவோரிடம் மதிப்பு இருந்தமைக்கு இக்கண்டிப்பும் ஒரு காரணம். எனினும் நட்பு என்று பெயர் சூட்டிய ஓர் உறவு சான்றிதழாகச் சுருங்கியதற்கும் அதுவே காரணம்.

மாற்று முறை

லாம்பெத் முயற்சியில் பங்குகொண்ட ஜேன் நாசோ சீனியர் அம்மையார் வேறு வழியையும் கண்டார். வறியோர் பள்ளிகளில் வளர்ந்த பெண்களின் கல்வி பற்றி அரசுக்கு அவர் அளித்த அறிக்கை 1874இல் வெளியாயிற்று. பெரும் பள்ளிகளில் தாய்மைப் பரிவின்றிக் கூட்டமாக வளர்க்கப்படும் பெண், வேலைக்குச் சென்றபின் நாதியற்றவளாகிறாள் என்பது அதன் சாரம். 1875இல் அவர் லண்டனில் இளம் பணிப்பெண்களுக்கான தனிச் சங்கம் ஒன்றை நிறுவினார். அது எந்தத் திருச்சபைப் பிரிவையும் சாராதது. தன்னார்வப் பெண்கள் பணியிடங்களுக்கே சென்று சிறுமியரைக் கண்டனர். வறியோர் பள்ளியிலிருந்து வந்தவள் என்பதே அங்குப் போதிய தகுதி. நட்புச் சங்கத்தில் பெண் தன் தகுதியை மெய்ப்பித்துத் துணை பெற்றாள். இங்கோ அவளுடைய தேவையே துணையைக் கொணர்ந்தது.

சீனியர் அம்மையார் 1877இல் மறைந்தார். நட்புச் சங்கத்தின் மூன்றாம் விதி 1936ஆம் ஆண்டில்தான் திருத்தம் பெற்றது.