ஆடும் குதிரையும் தலையாட்டிப் பொம்மையும்

குழந்தைக்குக் குதிரையைத் தேடித் தர வேண்டியதில்லை. தென்னை மட்டை கிடைத்தால் அது குதிரை. தாத்தாவின் கைத்தடி கிடைத்தால் அதுவும் குதிரை. இரண்டும் கிடைக்காவிட்டால் தாத்தாவே குதிரை. நமது இல்லத்திலும் இதுவே நிகழ்ந்தது. முதுகில் ஏறிய பேரன் இறங்க மறுத்தான். நம் முழங்கால்களோ இனித் தாங்க மறுத்தன. அப்பொழுதுதான், மரத்தால் ஓர் ஆடும் குதிரை செய்து கொடுத்தால் என்ன என்ற எண்ணம் நமக்கு எழுந்தது.

எண்ணம் நல்லதே. ஆயினும் அக்குதிரையால் ஐந்து வயதுப் பேரனின் நெற்றியில் ஒரு தழும்பு நிலைத்துவிட்டது. அத்தழும்பு நமக்குக் கற்றுத் தந்த பாடத்தை வாசக அன்பர்களின் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகின்றோம்.

சக்கரத்தில் பிறந்த குதிரை

வெண்ணாற்றங்கரைச் சிற்றூர் நமது ஊர். டிராக்டர் வந்தபின் மாட்டுவண்டிகள் ஒவ்வொன்றாக ஓய்வு பெற்றன. நமது கொட்டகையிலும் உடைந்த வண்டிச் சக்கரம் ஒன்று பல ஆண்டுகளாகச் சாய்ந்து கிடந்தது. நல்ல கருவேல மரம். வளைந்த வட்டைகள் இன்னும் உறுதியாகவே இருந்தன. ஊர்த் தச்சர் பெரியவர், நம்மினும் மூத்தவர். அவரிடம், "ஆசாரியாரே, இந்த வட்டைகளையே குதிரைக்கு அடிக்கட்டையாக வைத்துவிடலாமே, வளைவு ஆயத்தமாக இருக்கிறதே" என்றோம். "ஐயா சொன்னால் சரிதான்" என்று அவர் வேலையைத் தொடங்கினார்.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முதல் நாள் குதிரை வந்து நின்றது. மாமரத்தில் கடைந்தெடுத்த கனமான தலை, தேங்காய் நாரில் திரித்த பிடரி, கம்பீரமான உயரம். கையால் தள்ளிப் பார்த்தோம். அழகாக முன்னும் பின்னும் ஆடியது. வீட்டார் அனைவரும் மகிழ்ந்தனர்.

மறுநாள் பேரன் ஏறினான். அமர்ந்திருந்தவரை குதிரை மெல்ல ஆடியது. உற்சாகம் மிகுந்து, கால் வைக்கும் கட்டையின்மேல் அவன் எழுந்து நின்றான். அவ்வளவுதான். முன்னே சாய்ந்த குதிரை திரும்பி எழவில்லை. அவனைத் தலைக்கு மேலாகத் தள்ளிவிட்டுத் தானும் கவிழ்ந்தது. திருவிழா நாளில் மருத்துவமனைக்கு ஓடினோம். நெற்றியில் மூன்று தையல். அன்று முதல் அவன் அந்தத் தாழ்வாரத்தின் பக்கமே போகவில்லை. ஆசாரியாரோ அதைவிட வருந்தினார். "நாற்பது வருடம் கதவும் கட்டிலும் ஏரும் செய்தவன்; ஒரு பிள்ளைக்குக் குதிரை செய்யத் தெரியவில்லையே" என்று அவர் சொன்னபோது நமக்குப் பதில் வரவில்லை. வட்டையை எடுக்கச் சொன்னவர் நாமன்றோ!

பொம்மை சொன்ன பாடம்

தை மாதத்தில் ஒரு வேலையாகத் தஞ்சைக்குச் சென்றிருந்தோம். நகரிலிருந்து நாகை செல்லும் சாலையில் உள்ளது புன்னைநல்லூர். வேளாங்கண்ணிக்குச் செல்லும் நம் குடும்பங்கள் பல அவ்வழியே கடந்திருக்கும். அங்குள்ள பொம்மைக் கடைகளையும் கண்டிருக்கும். அத்தகைய கடை ஒன்றில் வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் தலையாட்டிப் பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தார். பேரனுக்கு ஒன்று வாங்க எண்ணி, ராஜா பொம்மையைச் சாய்த்துப் பார்த்தோம். எழுந்து நின்றது. தரையோடு தரையாகப் படுக்க வைத்துக் கையை எடுத்தோம். மீண்டும் எழுந்தது. குதிரையின் கதையை அவரிடம் சொன்னோம்.

அவர் சிரித்துக்கொண்டே, "ஐயா, இதற்குத் தலையில் ஒன்றும் இல்லை, வெறும் காகிதம். எல்லாம் அடியில்தான் இருக்கிறது. நீங்கள் குதிரைக்குத் தலையில் வைத்துவிட்டீர்கள்" என்றார்.

இப்பொம்மையின் அமைப்பை அறிந்தால் அச்சொல்லின் பொருள் விளங்கும். காகிதக் கூழும் மரவள்ளிக் கிழங்கு மாவும் சுண்ணப்பொடியும் சேர்த்துப் பிசைந்து, பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் கலந்து, முன்பாதி பின்பாதியாக அச்சில் ஒற்றி எடுத்து ஒட்டுவது மரபு. ஆகவே மேற்பகுதி உள்ளீடற்றது, எடையும் குறைவு. அடிப்பகுதியோ கிண்ணம்போல் உருண்ட கனமான களிமண். பொம்மையைச் சாய்க்கும்போது அந்தப் பாரம் சற்றே மேலெழும்புகிறது. கையை எடுத்ததும் பழைய தாழ்ந்த இடத்தை நாடி இறங்குகிறது. அப்போது பொம்மை நிமிர்கிறது. இக்கைவண்ணம் 2008-2009-ஆம் ஆண்டில் 'தஞ்சாவூர்ப் பொம்மை' என்ற பெயரில் புவிசார் குறியீடு பெற்றது.

வீடு திரும்பி, கொட்டகையிலிருந்த மற்றொரு சக்கரத்தின் அருகே ஆசாரியாரோடு நின்று அளந்து பார்த்தோம். சக்கரத்தின் விட்டம் 5 அடி. அப்படியானால் அதன் நடுவிலுள்ள குடம் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். வட்டையின் ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்தாலும், அந்தக் குடம் இருந்த இடம் மறைந்துவிடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் அங்கேயே நிற்கிறது. குதிரையும் குழந்தையும் சேர்ந்த பாரத்தின் நடுப்புள்ளி அந்த இடத்துக்குக் கீழே இருக்குமட்டும் குதிரை சாய்ந்தாலும் எழும். அதற்கு மேலே போய்விட்டால் சாய்ந்தது சாய்ந்ததுதான்.

நமது குதிரையின் இருக்கையே 2 அடிக்கு மேல். தலையும் கனம். பேரன் அமர்ந்தபோது பாரத்தின் நடுப்புள்ளி குடத்தின் உயரத்தை ஏறத்தாழத் தொட்டுவிட்டது. எழுந்து நின்றபோது கடந்துவிட்டது. ஆளில்லாமல் ஆட்டிப் பார்த்தபோது இக்குறை வெளிப்படவே இல்லை. வெறுங்குதிரையை நாம் சோதித்தோம். ஏறிய குதிரையைச் சோதித்தவன் குழந்தை!

நான்கடி நூல்

இரண்டாவது குதிரையை அளவிலிருந்தே தொடங்கினோம். முற்றத்தில் ஓர் ஆணி அடித்து, 4 அடி நூலைக் கட்டி, மறுமுனையில் கரித்துண்டைப் பிடித்துத் தரையில் வளைவு வரைந்தோம். அதன்மேல் பலகைகளைப் பொருத்தி அறுத்தார் ஆசாரியார். குடம் இப்பொழுது 4 அடி உயரத்தில் நிற்கிறது என்று கொள்ளலாம். இருக்கையை ஒன்றரை அடிக்குத் தாழ்த்தினோம். பேரன் எழுந்து நின்றாலும் பாரம் அந்த உயரத்துக்கு வெகு கீழேயே இருக்கும். நூலை மேலும் நீட்டினால் என்ன என்று கேட்கலாம். வளைவு மிகவும் தட்டையாகி, குதிரை படபடவென்று சிறிதளவே ஆடும். சவாரியின் சுகம் போய்விடும். பாதுகாப்பும் சுகமும் ஒருங்கே அமையும் அளவைக் கண்டறிவதே இவ்வேலையின் நுட்பம்.

வளைகட்டைகள் ஒவ்வொன்றும் 4 அடி நீளம். இரண்டுக்கும் இடையே ஒன்றேகால் அடி. முனையிலிருந்து அரையடி உள்ளே, அடிப்புறத்தில் ரப்பர் பொதிந்த சிறு தடைக்கட்டைகள் வைத்தோம். எவ்வளவு வேகமாக ஆட்டினாலும் அவை தரையில் முட்டி, அதற்கப்பால் சாயவிடா. தலையைக் கனமற்ற மரத்தில் குடைந்து, எடையைக் கால்களுக்கிடையே கீழே சேர்த்தோம்.

மேல்நாட்டாரும் இத்தொல்லையை எண்ணிப் பார்த்தவர்களே. 1880-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சின்சின்னாட்டி நகரைச் சேர்ந்த மார்குவா என்பவர், வளைகட்டையையே விலக்கிவிட்டு, அசையாத சட்டம் ஒன்றிலிருந்து குதிரையை இரும்புக் கம்பிகளால் தொங்கவிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அது கவிழாது, அருகில் நிற்கும் தம்பி தங்கையரின் கால்விரல்மேல் ஏறவும் செய்யாது. ஆனால் அதற்கு இரும்பு வேலை மிகுதி. ஊர்த் தச்சர் கையால் ஆவது வளைகட்டையே. ஆதலால் குதிரை ஆடும்போது மற்றக் குழந்தைகளைத் தள்ளி நிறுத்துவது பெரியோர் கடமை.

அசையும் உறுப்புகள்

புதுக் குதிரை பாதுகாப்பாக இருந்தால் மட்டும் போதாது. பயந்த பிள்ளையை அருகே அழைக்கவும் வேண்டும். அதற்கும் தஞ்சையே வழி காட்டியது.

நாட்டியமாடும் தஞ்சைப் பொம்மையில் தலையும் உடலும் பாவாடையும் தனித்தனி. ஒவ்வொன்றும் கம்பி முனையொன்றில் குடைபோல் அமர்ந்திருக்கும். ஒவ்வொன்றின் பாரமும் அம்முனைக்குக் கீழே இருக்கும். ஆகவே காற்றுப் பட்டாலும் தலையசைக்கும், ஆனால் விழாது. இதே முறையில் நம் குதிரையின் கழுத்தை ஓர் இரும்புக் கம்பியில் கோத்தோம். கம்பிக்குக் கீழே, மார்புக் கூட்டுக்குள் இறங்கும் கழுத்தின் அடிமுனையில் இரும்புத் துண்டொன்றைப் பொருத்தினோம். உடல் ஆடும்போது அந்த எடை நேர்நிற்க முயல்கிறது, குதிரை தலையசைக்கிறது! வாலும் அவ்வாறே.

அடுத்து ஓசை. தஞ்சையில் மராட்டியர் ஆட்சி 1676 முதல் 1855 வரை நடந்தது. அவர்கள் காலத்தில் இங்கே செழித்ததாகக் கூறப்படும் பொய்க்கால் குதிரை ஆட்டத்தை அறியாதார் யார்? இடுப்பில் குதிரைக் கூட்டையும் காலில் மரக்கால்களையும் கட்டிய கலைஞர் ஆடும்போது, தரையில் எழும் 'டக் டக்' ஒலிதானே குதிரைக்கு உயிர் தருகிறது? நம் குதிரையின் வயிற்றுக்கு அடியில் இரு சிறு மரத்தட்டுகளைத் தோல் வாரில் தொங்கவிட்டோம். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அவை மோதிக் குளம்பொலி எழுப்பின.

விரலும் வண்ணமும்

அசையும் உறுப்பு இருக்கும் இடத்தில் விரல் நசுங்கும் ஆபத்தும் இருக்கிறது. இதற்குப் பொம்மைப் பாதுகாப்பு விதிகளில் எளிய அளவு ஒன்று உண்டு. நகரும் பகுதிகளுக்கு இடையேயுள்ள சந்து 5 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருக்கட்டும், விரல் நுழையாது. அல்லது 12 மில்லிமீட்டருக்கு மேலாக இருக்கட்டும்; நுழைந்தாலும் சிக்காது. இடைப்பட்ட அளவே தீங்கானது. நாம் கழுத்துச் சந்தை மேலும் ஒரு தோல் துண்டால் மூடினோம். பிடித்துக்கொள்ளும் கைப்பிடியை அசையும் கழுத்தில் வைக்காமல், அசையாத உடலில் வைத்தோம்.

வண்ணத்திலும் கவனம் தேவை. குதிரையின் காதைக் கடிக்காத குழந்தை உண்டோ? வீட்டு வண்ணப் பூச்சுகளில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. கொட்டகையில் கிடக்கும் பழைய டப்பாவை எடுத்துப் பூசிவிடாமல், ஈயமற்றது என்று குறித்த வண்ணத்தையே வாங்குதல் நன்று. அதே காரணத்தால்தான் கழுத்து எடைக்கும் ஈயத்தை விலக்கி இரும்பைக் கொண்டோம். 2021 ஜனவரி முதல் கடைப் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டது, பதிவு பெற்ற கைவினைஞருக்கு அதில் விலக்கு அளிக்கப்பட்டது. வீட்டில் நாமே செய்யும் பொம்மையை எவரும் வந்து சோதிப்பதில்லை. ஆகவே சோதிக்கும் பொறுப்பு நம்முடையதே.

மூட்டை ஏறிய சவாரி

இம்முறை பேரனை முதலில் ஏற்றவில்லை. அவன் எடைக்குச் சமமாக 15 கிலோ புது நெல்லை மூட்டையாகக் கட்டி இருக்கையில் நிறுத்திப் பிணைத்தோம். நன்றாகத் தள்ளினோம், எழுந்தது. மூட்டைக்கு அடியில் முக்காலி ஒன்றை வைத்து, அவன் எழுந்து நிற்கும் உயரத்துக்கு ஏற்றினோம். தடைக்கட்டை முட்டும்வரை தள்ளினோம். அப்பொழுதும் எழுந்தது. பக்கவாட்டிலும் அசைத்துப் பார்த்தோம். தூணுக்குப் பின்னால் நின்று பேரன் இவை அனைத்தையும் பார்த்துக்கொண்டிருந்ததை நாம் கவனிக்கவில்லை.

"தாத்தா, மூட்டை விழவே இல்லையே" என்றான்.

புன்னைநல்லூரில் வாங்கிய ராஜா பொம்மையை அவன் கையில் கொடுத்தோம். தள்ளினான்; எழுந்தது. மீண்டும் தள்ளினான். "இது ஏன் எழுந்திருக்கிறது?" என்று கேட்டான். அடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னோம். கனத்தைக் கண்டுகொண்டவன், குதிரையின் அடியிலும் குனிந்து கை வைத்துப் பார்த்தான். ஏறு என்று எவரும் சொல்லவில்லை. அன்று அவன் ஏறவும் இல்லை.

உயிர்ப்புப் பெருவிழாவன்று பூசை முடிந்து வீடு திரும்பினோம். புத்தாடையைக்கூட மாற்றாமல் அவன் தாழ்வாரத்துக்குப் போனான். சிறிது நேரத்தில் 'டக் டக்' என்று குளம்பொலி கேட்டது. ஆசாரியாருக்குச் சொல்லியனுப்பினோம். வந்தவர் வாசற்படியிலேயே அமர்ந்து, நெடுநேரம் ஒன்றும் பேசாமல் அந்த ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பழைய குதிரையை விறகாக்கிவிடலாம் என்றோம். அவர் இசையவில்லை. வட்டைகளைக் கழற்றி எடுத்துத் தம் பட்டறைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். குதிரை கேட்டு வருவோரிடம் முதலில் அதைக் காட்டிவிட்டு, பிறகே நூலும் ஆணியும் எடுக்கிறார்.