காவி உடுத்திய பாதிரியார்கள்

இந்து மதமும் கிறிஸ்தவ மதமும் ஒரே மனிதருக்குள் சேர்ந்து வாழ முடியுமா? காவிரிக் கரையில் மூன்று வெள்ளைக்காரர்கள் அதைச் செய்து பார்த்தார்கள்.

காலை நேரம். மணி அடிக்கிறது. காவி உடுத்திய துறவிகள் தரையில் சம்மணமிட்டு உட்காருகிறார்கள். வடமொழி மந்திரம் ஒலிக்கிறது. கற்பூரம் ஏற்றி ஆரத்தி காட்டுகிறார்கள். வந்தவர்கள் சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். நெற்றியில் சந்தனம் இட்டுக்கொள்கிறார்கள்.

இது எந்தச் சாமி கோவில்?

ஏசுநாதர் கோவில்!

ஆம். குளித்தலை அருகே, தண்ணீர்ப்பள்ளி என்ற ஊரில், காவிரிக் கரையில் இருக்கிறது சச்சிதானந்த ஆசிரமம். "சாந்திவனம்" என்றும் சொல்வார்கள். இது ஒரு கத்தோலிக்க ஆசிரமம். கோவில் நம் ஊர்க் கோவில் மாதிரியே கட்டப்பட்டிருக்கிறது. வாசலில் கோபுரம். அதிலே மூன்று தலை கொண்ட ஓர் உருவம். பார்த்தால் திரிமூர்த்தி போலத் தோன்றும். ஆனால் அது பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற மூவரைக் குறிப்பது.

காலை வழிபாட்டில் சந்தனம். நண்பகலில் குங்குமம். மாலையில் திருநீறு. பைபிளும் படிக்கிறார்கள். உபநிடதமும் கீதையும் படிக்கிறார்கள்.

இந்த வழக்கம் எப்படி வந்தது? இது சரிதானா?

முன்னோடிகள் இருவர்

இதற்கு முன்னும் முயன்றவர்கள் உண்டு.

1606-ம் ஆண்டு இத்தாலி நாட்டுப் பாதிரியார் ராபர்ட் டி நொபிலி மதுரைக்கு வந்தார். காவி உடுத்தினார். மாமிசத்தை விட்டார். தமிழும் வடமொழியும் கற்றார். தமிழிலேயே நூல்கள் எழுதினார். "தத்துவ போதகர்" என்று பெயர் பெற்றார். அவரோடு இருந்த பாதிரியார்களே அவர்மீது ரோமாபுரிக்குப் புகார் அனுப்பினார்கள். புதிதாகக் கிறிஸ்தவர் ஆனவர்கள் பூணூல் போடலாம், சந்தனம் பூசலாம் என்று 1623-ல் போப்பாண்டவர் தீர்ப்புச் சொன்னார். ஆனால் ஒன்று. நொபிலி மாற்றியது நடை உடைகளைத்தான். நம்பிக்கையை அல்ல. மக்களைக் கிறிஸ்தவர் ஆக்குவதே அவர் நோக்கம்.

இரண்டாமவர் வங்காளத்துப் பிராமணர் பிரம்மபாந்தவ் உபாத்யாய். 1861-ல் பிறந்தவர். 1891-ல் ஞானஸ்நானம் பெற்றார். ஆனாலும் காவி உடுத்தினார். "வாழ்க்கை முறையில் நான் இந்து, நம்பிக்கையில் கத்தோலிக்கன்" என்பது அவருடைய கொள்கை. அவர் மடம் அமைக்க முயன்றபோது திருச்சபை மேலிடம் இடம் தரவில்லை. 1907-ல் அவர் இறந்தார். இந்து முறைப்படி அவர் உடல் தகனம் செய்யப்பட்டது.

மாந்தோப்பில் இருவர்

பிரான்சு நாட்டில் 1895-ல் பிறந்தவர் ஜூல் மோன்சானின். பெரிய படிப்பாளி. அவர் பேச்சைக் கேட்க அறிஞர்கள் கூடுவார்கள். அத்தனையும் விட்டுவிட்டு 1939-ல் தமிழ்நாட்டுக்கு வந்தார். திருச்சி மறைமாவட்டத்தில் சேர்ந்து, கிராமத்து ஏழைகள் நடுவே ஊழியம் செய்தார்.

அதே நாட்டுத் துறவி ஹென்றி லெ சோ. 1910-ல் பிறந்தவர். மடத்தில் இருபது ஆண்டு காலம் வாழ்ந்தவர். 1948-ல் மோன்சானினைத் தேடி வந்து சேர்ந்தார்.

1950-ம் ஆண்டு மார்ச்சு 21-ந் தேதி இருவரும் தண்ணீர்ப்பள்ளி மாந்தோப்பில் ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். குடிசைகளில் வாழ்ந்தார்கள். காவி உடுத்தினார்கள். மரக்கறி உணவு. பெயரையும் மாற்றிக்கொண்டார்கள். லெ சோ "அபிஷிக்தானந்தா" ஆனார்.

சச்சிதானந்தம் என்று ஏன் பெயர் வைத்தார்கள்? சத்து, சித்து, ஆனந்தம் என்று கடவுளை மூன்று சொல்லால் குறிப்பது வேதாந்தம். சத்து பிதா. சித்து சுதன். ஆனந்தம் பரிசுத்த ஆவி. இப்படிப் பொருத்தமாகக் கண்டார்கள்.

ஆட்கள் வந்து குவிவார்கள் என்று நினைத்தார்கள். வரவில்லை. சிலர் வந்தார்கள். வந்தவர்களும் தங்கவில்லை.

அண்ணாமலையில் கண்டது

1949 சனவரியில் லெ சோ திருவண்ணாமலைக்குப் போயிருந்தார். ரமண மகரிஷி உயிரோடு இருந்த காலம். மகரிஷியைப் பார்த்ததும் அவருக்கு ஏமாற்றம்! ஒளிவட்டம் எதுவும் தெரியவில்லை. அன்பான ஒரு கிழவராகத்தான் தெரிந்தார்.

அங்கிருந்த ஓர் ஆங்கில மாது காரணத்தைச் சொன்னார். "நிறைய மூட்டையோடு வந்திருக்கிறீர்கள். எல்லாவற்றையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு வந்திருக்கிறீர்கள். மூட்டையை இறக்குங்கள்" என்பது அந்த அம்மாள் சொன்னதன் கருத்து.

லெ சோ மூட்டையை இறக்கினார். அன்று முதல் அருணாசலம் அவரை விடவில்லை. 1952-ல் மலைக் குகையில் தங்கினார். பலமுறை வந்து மௌனம் இருந்தார். 1955-ல் திருக்கோவிலூர் தபோவனத்தில் ஞானானந்தகிரி சுவாமிகளைக் கண்டார். அவரைக் குருவாகவே ஏற்றார்.

இங்கேதான் சோதனை ஆரம்பம்.

"நான் வேறு, கடவுள் வேறு அல்ல" என்கிறது அத்வைதம். "நான் பாவி, நீர் இரட்சகர்" என்று கைகூப்பி நிற்கிறது கிறிஸ்தவம். இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாகும்? கிறிஸ்து ஒருவரே வழி என்கிறது திருச்சபை. அவதாரங்கள் பல என்கிறது இந்து சமயம். ஒரு பிறவியே உண்டு என்பது ஒரு பக்கம். பல பிறவி உண்டு என்பது மறு பக்கம்.

லெ சோ தூக்கம் இழந்தார். அத்வைத அனுபவத்தை மறுக்க அவரால் முடியவில்லை. ஏசுவை விடவும் முடியவில்லை. தமது நாட்குறிப்பில் ஆண்டுக்கணக்காக இந்த வேதனையை எழுதினார். ஆனாலும் பூசை வைப்பதை அவர் விடவில்லை.

மோன்சானினுக்குக் கவலை வந்தது. நண்பர் எல்லை தாண்டிப் போகிறாரோ என்று அஞ்சினார். இந்தியாவை அவர் உயிராக நேசித்தார். ஆனால் கிறிஸ்துவை விட்டு அத்வைதத்தில் கரைய அவர் மனம் ஒப்பவில்லை. ஒரே தோப்பில் இருந்த இருவரும் உள்ளத்தால் வெவ்வேறு பாதையில் நடந்தார்கள்.

1957-ல் மோன்சானின் நோயில் விழுந்தார். சிகிச்சைக்காகப் பாரிசு நகருக்குக் கொண்டுபோனார்கள். அக்டோபர் 10-ந் தேதி அங்கே இறந்தார். லெ சோ 1968-ல் ஆசிரமத்தை விட்டு இமயமலைக்குப் போய்விட்டார். 1973 டிசம்பர் 7-ந் தேதி இந்தூரில் காலமானார். இரண்டையும் கொள்கையளவில் இணைக்க முடியாது, மௌனத்தில்தான் தாங்கிக்கொள்ள முடியும் என்பதே கடைசியில் அவர் கண்டது.

மூன்றாமவர்

1968-ல் பொறுப்பை ஏற்றவர் பீட் கிரிபித்ஸ். இங்கிலாந்தில் 1906-ல் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் படித்தவர். 1955-ல் இந்தியாவுக்கு வந்து, கேரளத்துக் குரிசுமலை ஆசிரமத்தில் இருந்துவிட்டு இங்கே வந்தார்.

அதற்குள் காலம் மாறியிருந்தது. பிற மதங்களில் உள்ள உண்மையைத் திருச்சபை தள்ளுவதில்லை என்று 1965-ல் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. சாந்திவனத்துக்கு உலகத்தின் நான்கு மூலையில் இருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

கிரிபித்ஸ் ஓர் உவமை சொல்வார். விரல்கள் நுனியில் தனித்தனி. உள்ளங்கையில் ஒன்று. மதங்களும் அப்படித்தான். சடங்கிலும் கொள்கையிலும் வேறு வேறு. ஆழத்தில் சேருகின்றன. அவர் 1993 மே 13-ந் தேதி ஆசிரமத்திலேயே இறந்தார்.

மூன்று பக்கத்திலும் எதிர்ப்பு

எல்லோரும் இதைப் பாராட்டவில்லை.

"சிலுவைக்கு நடுவே ஓங்காரத்தைப் பொறிக்க இவர்கள் யார்? சந்நியாசி என்றால் எல்லாப் பற்றையும் விட வேண்டும். திருச்சபைக்குக் கட்டுப்பட்டவர் காவி உடுத்தலாமா? இது மதமாற்றத்துக்குப் போட்ட வேடம்" என்று இந்துக்கள் சிலர் கண்டித்தார்கள். 1988-ல் சீதாராம் கோயல் இதைப் பற்றித் தனிப் புத்தகமே வெளியிட்டார்.

"விக்கிரக வழிபாட்டை உள்ளே கொண்டுவருகிறார்கள்" என்று கிறிஸ்தவர்கள் சிலர் சீறினார்கள்.

மூன்றாவது குரல் தாழ்த்தப்பட்ட மக்களிடம் இருந்து வந்தது. "சாதிக் கொடுமை தாங்காமல்தான் எங்கள் பாட்டன் பூட்டன் மாதா கோவிலுக்குப் போனார்கள். அங்கேயும் வடமொழியும் பிராமணத் துறவியின் கோலமுமா? எங்கள் பறையும் எங்கள் பாட்டும் இந்தியப் பண்பாடு இல்லையா?" என்பது அவர்கள் கேள்வி. இதற்கு எளிதாகப் பதில் சொல்லிவிட முடியாது.

வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள்

படித்தவர்கள் இப்படி வாதாடும்போது, பாமர மக்கள் என்ன செய்கிறார்கள்?

ஆண்டுதோறும் ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. அங்கே போகும் கூட்டத்தில் இந்துக்கள் ஏராளம். குழந்தைக்கு மொட்டை போடுகிறார்கள். மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். வீட்டுக்கு வந்து பிள்ளையார் முன் விளக்கு ஏற்றுகிறார்கள். அவர்களுக்குக் குழப்பம் இல்லை. தாயிடம் முறையிட்டார்கள், தாய் கேட்டாள். அவ்வளவுதான்.

ஆனால் வேண்டுதல் வேறு. வாழ்க்கையையே ஒப்புக்கொடுப்பது வேறு. நேர்த்திக்கடனைத் தீர்ப்பவருக்கு எந்தக் கொள்கையிலும் கையெழுத்துப் போடும் தேவை இல்லை. துறவிக்கு உண்டு.

சேருமா, சேராதா?

மூவர் வாழ்க்கையும் சொல்வது இதுதான். உடை சேரும். பாட்டு சேரும். மலரும் கற்பூரமும் சேரும். தியானம் சேரும். கொள்கைகள் எளிதில் சேருவதில்லை. சேர்ந்துவிட்டதாகச் சொன்னால் இரண்டில் ஒன்றைக் குறைத்துச் சொல்ல வேண்டி வரும்.

மோன்சானின் தம் எல்லையிலேயே நின்றார். லெ சோ எல்லையைக் கடந்தார். கடைசிவரை வலியைச் சுமந்தார். கிரிபித்ஸ் எல்லைக்கு அடியில் ஓடும் நீரைப் பார்த்தார். மூவரும் தங்கள் வேரைப் பிடுங்கவில்லை. அடுத்த வீட்டுக் கிணற்றையும் பழிக்கவில்லை.

அடுத்தவர் வேதத்தைப் படிக்க விரும்புகிறவர் தாராளமாகப் படிக்கலாம். அவர்கள் வழிபாட்டில் அமைதியாக உட்காரலாம். ஆனால் அவர்கள் அடையாளத்தை எடுத்து அணிவதற்கு முன், அதை உரிமையோடு அணிகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பதே மரியாதை.