நிருபர் கேட்கும்போது யார் பதில் சொல்வது?

மட்டக்களப்பு – கல்முனை வீதியில் தேற்றாத்தீவைத் தாண்டினால் களுதாவளை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே மணல் நிலம். கிணற்று நீரை இறைத்தே மிளகாய், வெங்காயம், கத்தரி, வெற்றிலை என்று விளைவித்துவரும் ஊர். இவ்வூரின் பெயர் பத்திரிகையில் வருவது பெரும்பாலும் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்கு, இல்லையேல் பொருளாதார மத்திய நிலையம் பற்றிய இழுபறிக்கு. ஒரு தோட்டக்காரரோ, மிளகாய்த்தூள் பொதி செய்து விற்கும் பெண்ணோ தன் தொழிலைப் பற்றித் தானே பேசி வெளிவந்த செய்தி அரிது.

விளம்பரம் போடப் பணம் வேண்டும். செய்தியில் இடம்பெறப் பணம் வேண்டியதில்லை, ஆனால் நிருபர் ஆளைத் தேடும் நேரத்தில் நாம் அவர் கண்ணில் பட வேண்டும். விலையேற்றம், உரத் தட்டுப்பாடு, வெள்ளம், ஏற்றுமதி என எதை எழுதினாலும் அனுபவித்த ஒருவரின் வாய்ச்சொல் அவருக்குத் தேவை. அதுவும் இன்று மாலைக்குள் தேவை.

இந்தத் தேவையை ஒரு முறையாக மாற்றியவர் அமெரிக்காவைச் சேர்ந்த பீட்டர் ஷாங்க்மன். அவர் 2008இல் ‘ஹாரோ’ என்ற மின்னஞ்சல் பட்டியலைத் தொடங்கினார். ‘நிருபருக்கு உதவுங்கள்’ என்பதே அதன் பொருள். நிருபர்களின் கேள்விகள் தொகுக்கப்பட்டு வேலை நாட்களில் மூன்று தடவை பட்டியலில் இருந்தவர்களுக்குப் போயின. தெரிந்தவர் பதில் எழுதினார். நிருபர் தெரிவு செய்தார். பேக்கரி நடத்துபவரும் பெரிய கம்பனியின் தலைவரும் ஒரே வரிசையில் நின்றார்கள். 2010இல் அது வோகஸ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, பின்னர் சிஷன் நிறுவனத்தின் கைக்குப் போய், பெயரும் மாறி, 2024 டிசம்பரில் மூடப்பட்டது. 2025இல் வேறொரு நிறுவனம் அதை வாங்கி மீண்டும் தொடங்கியது. ஷாங்க்மனும் 2024இல் புதிதாக இன்னொரு பட்டியலைத் தொடங்கியிருக்கிறார். பிரித்தானியாவில் இதே வேலை சமூக வலைத்தளங்களில் ஒரு குறிச்சொல்லின் கீழ் நடக்கிறது. லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் உறவினர் அதைப் பார்த்து ஊருக்குச் சொல்லலாம். அவர்கள் அனுப்பும் காசுக்குச் சற்றும் குறையாத உதவி அது.

இவ்வகைப் பட்டியல்களைக் கெடுத்தது ஒன்றுதான். கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில்கள் குவிந்தன. பின்னர் செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்த, யாருடைய அனுபவமும் இல்லாத பதில்கள் குவிந்தன. நம்மவருக்கு இது ஒரு வகையில் நல்ல செய்தி. கிணற்றில் உப்பு ஏறிய கதையை, அந்தக் கிணற்றில் இறைத்தவரால் மட்டுமே சரியாகச் சொல்ல முடியும்.

நம் பக்கத்தில் இது மின்னஞ்சலில் நடப்பதில்லை. பிரதேச நிருபரின் தொலைபேசியிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் நடக்கிறது. அவர்களில் பலர் மாதச் சம்பளக்காரர் அல்லர். வெளிவரும் செய்திக்கே கொடுப்பனவு. அவசரத்தில் கிராம சேவகரையோ சங்கத் தலைவரையோதான் அழைப்பார்கள். அதனால் எப்போதும் அதே நான்கு பேரின் முகம். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது உலகப் பத்திரிகைகள் எல்லாம் இலங்கை விவசாயியைத் தேடின. அதில் எழுவான்கரை மரக்கறித் தோட்டக்காரரின் குரல் எவ்வளவு கேட்டது என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே கேள்வி வரும்வரை காத்திராமல், ‘நான் இன்ன ஊர், இன்ன தொழில், இத்தனை வருடம் செய்கிறேன், இவை பற்றிக் கேட்கலாம்’ என்று நாலு வரியை இரண்டு மூன்று நிருபர்களுக்கு முன்கூட்டியே அனுப்பி வையுங்கள்.

கேள்வி வந்துவிட்டால் வேகமே முக்கியம். ‘மிளகாய் விலை ஏன் ஏறியது?’ என்று கேட்டால், ‘எங்கள் தூள் தரமானது, சுத்தமானது’ என்று எழுதுபவரின் பதில் குப்பைக்குப் போகும். போன போகத்தில் எத்தனை கன்று நட்டீர்கள், எத்தனை அழுகியது, கூலியும் மண்ணெண்ணெயும் எவ்வளவு, வியாபாரி என்ன விலைக்கு எடுத்தார் என்று இலக்கத்தோடு சொல்லுங்கள். முதல் வரியிலேயே பதில் இருக்கட்டும். அப்படியே அச்சில் போடக்கூடிய இரண்டு வசனம், தெளிவான ஒரு படம், பெயர், ஊர் போதும். தொழிலின் பெயரை நிருபரே சேர்ப்பார்.

இதெல்லாம் எளிது. கடினமானது வேறொன்று. பெயரைக் கேட்டாலே நெஞ்சு படபடக்கும் சனம் நாம். மட்டக்களப்பு நகரில் 2004 மே 31ஆம் திகதி ஊடகவியலாளர் ஐயாத்துரை நடேசன் சுட்டுக் கொல்லப்பட்டார். மறு ஆண்டு ஏப்ரலில் மட்டக்களப்பின் மைந்தன் தராகி சிவராம் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். எழுதியவர்களுக்கே அந்தக் கதி என்றால், பேசத் தயங்கும் ஒருவரை யார் குறை சொல்வது? தயங்குபவர் பேசாமல் இருக்கலாம்; அது அவர் உரிமை. பேசுவதென்றால் எதைச் சொல்வேன், எதைச் சொல்லமாட்டேன் என்று முதலிலேயே நிருபரிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லி முடித்தபின் ‘இதைப் போடாதீங்க’ என்றால் அவர் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. பெண் தலைமைத்துவக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் தன் வடகத்தைப் பற்றிப் பேசப் போனால், செய்தியின் தலைப்பு கணவனைப் பற்றியதாக வந்து நிற்கும். படிப்பவர் இரக்கப்படுவார், வடகம் வாங்கமாட்டார். ‘என் தொழிலைக் கேளுங்கள், இழப்பைக் கேட்க வேண்டாம்’ என்று சொல்வதில் தவறில்லை. நல்ல நிருபர் அதை மதிப்பார். பிழையாக அச்சிட்டால் ஆசிரியருக்கு எழுதித் திருத்தம் கேட்கலாம். அதற்கும் அசையாவிட்டால், 2003 முதல் இயங்கும் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவிடம் போகலாம்.

செய்தி போடப் பணம் கேட்பவர் நிருபர் அல்லர். அடையாள அட்டைப் படமோ வங்கி விபரமோ கேட்டால் தொலைபேசியை வைத்துவிட்டு, பத்திரிகை அலுவலகத்துக்கு நேரே எடுத்து விசாரியுங்கள்.

வெளிவந்த பக்கத்தை வெட்டிப் பத்திரப்படுத்துங்கள். வங்கியில் கடன் கேட்கும்போதும், கண்காட்சியில் இடம் கேட்கும்போதும், கொழும்புக் கடைக்காரரிடம் மாதிரி காட்டும்போதும் அது கைகொடுக்கும். உணவுப் பொருள் என்றால், பத்திரிகையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் படிப்பார் என்பதை மறக்க வேண்டாம். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் லேபல் சரியாக இருக்க வேண்டும்: நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, முகவரி. அச்சில் போகும் தொலைபேசி இலக்கம் வீட்டு இலக்கமாக இல்லாமல் தொழிலுக்கென்று தனியாக ஒரு சிம் இலக்கமாக இருக்கட்டும். செய்தி வந்த அன்று காலை ஆறு மணிக்கே அது அடிக்கத் தொடங்கும்.