மலாக்கா ஆற்றங்கரையில் அவசரமில்லாத ஒரு நாள்

டெங்கிலில் இருந்து மலாக்காவுக்குக் காரில் ஒன்றரை மணி நேரம்தான். அப்படியிருந்தும் 74 வயதான என் அம்மா மலாக்காவைப் பார்த்ததில்லை. பிராங் புசார் தோட்டத்தில் பால் மரம் சீவியவர் அவர். அந்தத் தோட்டம் இருந்த இடத்தில்தான் இன்று புத்ராஜெயா நிற்கிறது.

"விடியக்காலையில பெரட்டுக்குப் போவோம். ஊர் சுத்த யாருக்கு நேரம் இருந்துச்சு?" என்பார்.

பள்ளி விடுமுறையில் இரண்டு நாள் ஒதுக்கி, அம்மாவையும் எட்டு வயது மகளையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆகவே முதல் நாள் ஓடி ஓடிப் பார்ப்பதில்லை, குன்றும் கோட்டை வாசலும் மறுநாளுக்கு என்று முன்பே முடிவு செய்துவிட்டோம்.

சிவப்புச் சதுக்கம்

காலையில் டச்சுச் சதுக்கத்தில் வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட்டோம். பூவும் பொம்மையும் சுமந்த திரிஷாக்கள் பாட்டை அலறவிட்டு நின்றன. அம்மா நிழல் பார்த்து உட்கார்ந்தார்.

1641 ஜனவரியில் ஜொகூர் படையின் துணையோடு டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைக் கைப்பற்றினர். ஆளுநரும் அதிகாரிகளும் இருப்பதற்காக அவர்கள் கட்டியது ஸ்டாட்ஹைஸ். இன்று அது அருங்காட்சியகம். அருகிலுள்ள கிறிஸ்து தேவாலயத்தை 1741இல் தொடங்கி 1753இல் முடித்தனர். உள்ளே அண்ணாந்து பார்த்தால் நீண்ட உத்தரங்கள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரே மரத்தில் அறுத்தது என்கிறார்கள்.

இந்தச் சிவப்பு டச்சுக்காரர் பூசியது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அது ஆங்கிலேயர் காலத்தில் வந்த நிறம். அதற்கு முன் வெள்ளைதான். சதுக்கத்து மணிக்கூண்டும் டச்சுக்காரர் கட்டியதல்ல. 1886இல் ஒரு சீனக் குடும்பம் கட்டிக் கொடுத்தது.

இதே டச்சு நிறுவனம்தான் பழவேற்காட்டில் கோட்டை வைத்திருந்தது. 1658இல் நாகப்பட்டினத்தையும் பிடித்தது. நம் கரையில் நெய்த துணி கப்பலேறி வந்து, இந்தக் கிழக்குக் கடலில் வாசனைப் பொருளுக்கு விலையானது.

பாலத்துக்கு அக்கரை

ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் முகப்பு குறுகி, உள்ளே நீண்டு போகும் பழைய வீடுகள். ஹீரன் தெருவின் 8ஆம் எண் வீடு டச்சுக் காலத்தைச் சேர்ந்தது. பழமை கெடாமல் பழுதுபார்த்து வைத்திருக்கிறார்கள். ஜோங்கர் தெருவில் ஆளுக்கொரு செண்டோல் சாப்பிட்டோம். குலா மெலாகா பாகைக் கடைசிச் சொட்டு வரை வழித்த பிறகுதான் அம்மா எழுந்தார்.

அடுத்தது துக்காங் ஏமாஸ் சாலை, அதாவது பொற்கொல்லர் தெரு. இங்கே இருக்கிறது பொய்யாத விநாயகர் கோயில். டச்சு அரசு கொடுத்த நிலத்தில் 1781இல் மலாக்கா செட்டிகளின் தலைவர் தைவநாயகம் செட்டி எழுப்பியது. அதே ஆண்டில்தான் டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தை ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். சில அடி தூரத்தில் கம்போங் கிளிங் பள்ளிவாசல், அதைத் தாண்டிச் சீனர்களின் செங் ஹூன் தெங் கோயில். மூன்றையும் அம்மா கால் வலியில்லாமல் நடந்து பார்த்துவிட்டார்.

சாமி உண்டு, மொழி இல்லை

மாலையில் காஜா பெராங் சாலையிலுள்ள கம்போங் செட்டிக்குப் போனோம். சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்கு வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிய தமிழர்களின் வழித்தோன்றல்கள் மலாக்கா செட்டிகள். பெயரில் பிள்ளை உண்டு, நாயக்கர் உண்டு. வீட்டில் பேசுவதோ மலாய்.

மாரியம்மன் கோயில் அருகே கெபாயாவும் சாரோங்கும் உடுத்திய மூதாட்டி ஒருவர் நின்றிருந்தார். நெற்றியில் திருநீறு. அம்மா தமிழில் நலம் விசாரித்தார். அவர் சிரித்து, மலாயில் பதில் சொன்னார். அம்மாவும் தன் தோட்டத்து மலாய்க்கு மாறினார். 'போகி' என்ற சொல் வந்ததும் இருவர் முகமும் மலர்ந்தது. போகியன்று முன்னோருக்கு வாழையிலையில் படைப்பதைப் பற்றி அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

காரில் ஏறியதும் அம்மா சொன்னார்: "சாமிய விடல. பாஷைதான் போயிடுச்சு."

பின்னால் இருந்த மகள், "பாட்டி, கெனாப்பா மெரேக்கா தாக் சாக்காப் தமிழ்?" என்று கேட்டாள். அவர்கள் ஏன் தமிழ் பேசவில்லை என்ற கேள்வியையே அவள் மலாயில்தான் கேட்டாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

டெங்கிலில் இவளைத் தேசியப் பள்ளியில் சேர்த்தது நான்தான். வீட்டில் தமிழ் தானாக வந்துவிடும் என்று நம்பியதும் நான்தான். என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

சற்று நேரம் கழித்து அம்மாவே பேசினார். "அவங்களுக்காவது பாட்டன் பூட்டன் இருந்த இடம் இருக்கு. நம்ம லயம் இருந்த இடத்த நான் இவளுக்குக் காட்ட முடியுமா? நம்மகிட்ட மிச்சம் இருக்கறது பேச்சு ஒண்ணுதான்பா."

ஆற்றில் ஒரு சுற்று

இருட்டியதும் படகில் ஏறினோம். முக்கால் மணி நேரச் சவாரி. கரையோரச் சுவர்களில் ஓவியங்கள், தண்ணீரில் விளக்கொளி. தலைக்கு மேல் வந்த பாலங்களை மகள் எண்ணத் தொடங்கினாள்.

"தமிழ்ல எண்ணு" என்றார் அம்மா.

ஒன்று, இரண்டு என்று போய் நான்கில் நின்றாள். பாட்டி எடுத்துக் கொடுத்தார். படகு திரும்பி வரும்போது முதலிலிருந்து தானே எண்ணினாள்.

போகிறவர்களுக்கு: ஜோங்கர் தெரு இரவுச் சந்தை வெள்ளி முதல் ஞாயிறு வரை. கூட்டம் வேண்டாதவர்கள் வார நாளில் போகலாம். சதுக்கத்தைக் காலையிலும் ஆற்றை இரவிலும் பாருங்கள். கம்போங் செட்டிக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் மறக்காமல் அவர்களையும் அழைத்துப் போங்கள்.