கரையொதுங்கும் உடல்களுக்குச் சாட்சி சொல்வது யார்?

கற்பிட்டி முதல் உடப்பு, சிலாபம் வரையான கடற்கரையில் இறந்த கடலாமையொன்றைக் காண்பது எமது மீனவர்களுக்குப் புதினமல்ல. நாயும் காகமும் வந்து சேருமுன் எவராவது குழி தோண்டிப் புதைத்துவிடுவர். அத்தோடு விடயம் முடிந்துவிடும். ஆனால் அந்த ஆமை எவ்வாறு இறந்தது என்ற கேள்வி என்றாவது ஒரு நாள் நீதிமன்றத்தில் எழுமாயின், அன்று புதைக்கப்பட்டது ஒரு சாட்சியம் என்பது தெரியவரும்.

அத்தகைய நாள் 2021ஆம் ஆண்டில் வந்தது. அவ்வாண்டு மே 20ஆம் திகதி கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் தீப்பற்றிய 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' கப்பல் ஜூன் மாதத்தில் மூழ்கியது. 25 தொன் நைத்திரிக் அமிலமும் ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகளும் அதில் இருந்தன. தொடர்ந்து வந்த வாரங்களில் கடலாமைகளும் ஓங்கில்களும் திமிங்கிலங்களும் இறந்து கரையொதுங்கின. வனசீவராசிகள் திணைக்களத்தின் மிருக வைத்தியர்கள் பிரேத பரிசோதனைகளை நடத்தினர். மாதிரிகள் அரச பகுப்பாய்வாளருக்கு அனுப்பப்பட்டன. நான்கு ஆண்டுகளின் பின்னர், 2025 ஜூலை 24ஆம் திகதி, 100 கோடி அமெரிக்க டொலரை நட்டஈடாகச் செலுத்துமாறு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 417 கடலாமைகள், 48 ஓங்கில்கள், 8 திமிங்கிலங்கள் இறந்தமை அத்தீர்ப்பில் எடுத்துரைக்கப்பட்டது. சுற்றாடல் அமைப்பொன்றும் மீனவர்களும் இவ்வழக்கின் மனுதாரர்களுள் அடங்குவர்.

இந்த எண்ணிக்கைகளை நீதிமன்றத்தின் முன் வைப்பது எளிது. அவற்றை நிலைநாட்டுவதே கடினம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கப்பல் எரியாவிட்டாலும் சில உடல்கள் கரைக்கு வரத்தான் செய்யும். இந்த ஆமை அமிலத்தால் இறந்ததா, வலையில் சிக்கி மூச்சடைத்து இறந்ததா, படகின் விசிறி வெட்டி இறந்ததா என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வினவுவார். அதற்கு விடையளிக்கும் துறையே விலங்குத் தடயவியலாகும்.

நோயுற்ற விலங்கைக் குணப்படுத்துவது மிருக வைத்தியரின் பணி. தடயவியல் வைத்தியரோ இறந்த விலங்கின் உடலிலிருந்து நடந்ததை மீட்டெடுக்க முயல்கின்றார். வெட்டுக் காயத்தைச் சூழ்ந்த தசையில் இரத்தம் கசிந்திருப்பின், அக்காயம் உயிருடன் இருந்தபோது ஏற்பட்டது எனக் கொள்ளலாம். துடுப்பைச் சுற்றி மெல்லிய கோடுபோல் பதிந்த தழும்பு தங்கூசி வலையைச் சுட்டும். உடைந்த செவி எலும்பும் நுரையீரலின் இரத்தக்கசிவும் வெடிபொருளை நினைவூட்டும். நச்சுப் பரிசோதனைக்கான திசுவை உறையவைத்தல் வேண்டும். நுணுக்குக்காட்டிப் பரிசோதனைக்கான திசுவை போமலினில் இடுதல் வேண்டும். இவ்விரண்டையும் மாற்றிச் செய்தால் ஆய்வுகூடத்தால் பயனில்லை. எமது வெயிலில் ஓர் உடல் ஓரிரு நாட்களிலேயே அழுகிவிடுகின்றது. எனவே முதற்சில மணித்தியாலங்களே வழக்கின் போக்கைத் தீர்மானிக்கின்றன.

இதைவிட முக்கியமானது காவல் தொடர் எனப்படும் ஒழுங்காகும். மாதிரியை எடுத்தவர் யார், முத்திரையிட்டவர் யார், எந்நேரத்தில் எவரிடம் கையளிக்கப்பட்டது என்பவை யாவும் எழுத்தில் இருத்தல் வேண்டும். எமது மக்கள் நன்கறிந்த சொல்லிற் கூறின், அது ஓர் அமானிதம். இடையில் ஒரு கை அறியப்படாதிருப்பின் முழுச் சான்றும் ஐயத்துக்குரியதாகிவிடும்.

மேலைநாடுகளில் விலங்குநல அறநிறுவனங்களே இத்துறையை வளர்ப்பதில் பெரும்பங்கு வகித்தன. 1866இல் நியூயோர்க்கில் தொடங்கப்பட்ட அமெரிக்க விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் தடயவியலுக்கெனத் தனிப் பிரிவொன்றை அமைத்தது. அப்பிரிவுக்குத் தலைமை தாங்கியவர்களுள் ஒருவரான மெலிண்டா மேர்க், மைக்கேல் விக் என்ற பிரபல விளையாட்டு வீரர் சம்பந்தப்பட்ட 2007ஆம் ஆண்டின் நாய்ச்சண்டை வழக்கில், புதைக்கப்பட்டிருந்த நாய்களின் எச்சங்களை ஆராய்ந்தவராவார். விக் சிறைத்தண்டனை பெற்றார்.

ஆயினும் இங்கு ஓர் இடர் உண்டு. விலங்கின் பக்கம் நிற்பதாக அறிவித்துக்கொண்ட நிறுவனம், வழக்கிலே நடுநிலையான சாட்சியாக இருக்க முடியுமா? பிரித்தானியாவில் 1824இல் தோன்றிய விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் நெடுங்காலமாகத் தானே விசாரித்துத் தானே வழக்கும் தொடுத்து வந்தது. அவ்விரு பணிகளும் ஒரே கையில் இருப்பது பற்றிய விமர்சனங்களின் பின்னர், வழக்குத் தொடுக்கும் பொறுப்பை அரச வழக்குத் தொடுநர் சேவையிடம் ஒப்படைக்கும் எண்ணத்தை அது 2021இல் வெளியிட்டது.

ஆகவே இத்தகைய பிரிவின் தலைமைப் பதவிக்கு விண்ணப்பிப்பவரிடம், விலங்குகளை நேசிக்கின்றீரா என்று கேட்பது போதாது. நிறுவனம் எதிர்பார்த்த முடிவுக்கு மாறான முடிவைச் சான்று காட்டினால் என்ன எழுதுவீர் என்று கேட்டல் வேண்டும். 'மரணத்துக்கான காரணத்தைத் தீர்மானிக்க முடியவில்லை' என்று கையொப்பமிடும் துணிவு இல்லாதவர் இப்பதவிக்குப் பொருந்தார். மிருக வைத்தியப் பட்டமும் பதிவும் பிரேத பரிசோதனை அனுபவமும் அடிப்படைத் தகுதிகள். குறுக்கு விசாரணையில் நிதானம் இழக்காமையும், நீதவானுக்கு விளங்கும் மொழியில் அறிக்கை எழுதும் ஆற்றலும், பொலிஸாரையும் ஆய்வுகூடத்தையும் இணைத்துச் செல்லும் நிருவாகத் திறனும் அவற்றுக்கு மேலான தகுதிகளாகும். புத்தளம் போன்ற மாவட்டத்தில் தமிழும் சிங்களமும் தெரிந்திருத்தல் இன்றியமையாதது. உடலை முதலிற் காண்பவர் வாடியில் இருக்கும் மீனவரே. அவரிடம் அவர் மொழியிலேயே பேசினால்தான் உண்மை வெளிவரும்.

இதனால் மீனவர்களுக்கு என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். காரணம் தெரியாத மரணத்தின் பழி அருகில் இருப்பவன் மீதே விழுகின்றது. களப்பிலோ மன்னார் வளைகுடாவிலோ ஓர் ஆவுளியா இறந்து கிடந்தால் முதற்சந்தேகம் வலைக்காரர் மீதுதான். அவர் குற்றமற்றவராயின் அதனை நிரூபிக்கக்கூடியதும் அதே பிரேத பரிசோதனையே. மறுபுறம், தொலைவில் சென்ற கப்பல்தான் காரணமாயின், தக்க சான்றின்றி எந்தக் கம்பனியும் நட்டஈடு தரப்போவதில்லை. 2025 மே மாதத்தில் கேரளத்துக்கு அப்பால் 'எம்.எஸ்.சி. எல்சா 3' மூழ்கியதைத் தொடர்ந்து எமது வட, வடமேற்குக் கரைகளில் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கியதை மறந்துவிடலாகாது. அடுத்த கப்பலும் வரக்கூடும்.

2023 பெப்ரவரியில் கற்பிட்டி குடாவையில் 14 திமிங்கிலங்கள் கரைதட்டியபோது, கடற்படையினரும் ஊர்மக்களும் சேர்ந்து 11ஐ ஆழ்கடலுக்குத் திருப்பி அனுப்பினர், மூன்று இறந்தன. உயிரைக் காக்க எமது மக்கள் தயங்குவதில்லை என்பதற்கு அது சான்று. இறந்தவற்றின் காரணத்தை அறிவதிலும் அதே அக்கறை வேண்டும். இக்கரைக்கு உதவ முன்வரும் அறநிறுவனங்கள் மீட்புப் படகுக்குச் செலவிடுவதில் ஒரு பங்கையாவது குளிரூட்டிப் பெட்டிக்கும், ஆண்டுதோறும் கரையொதுங்கும் உடல்களைப் பதியும் ஏட்டுக்கும், அவற்றுக்குப் பொறுப்பான ஒருவரின் சம்பளத்துக்கும் ஒதுக்குதல் வேண்டும். வழமையான ஆண்டில் எத்தனை உடல்கள் ஒதுங்குகின்றன என்ற கணக்கு இருந்தால்தான், வழமை மீறிய ஆண்டை நீதிமன்றத்தில் காட்ட முடியும்.

பேராதனையில் மிருக வைத்தியம் பயிலும் எமது பிள்ளைகள், மாட்டுப் பண்ணையும் அரச நியமனமும் மட்டுமே தமக்குள்ள வழிகள் என எண்ண வேண்டியதில்லை. இத்தகைய பதவியொன்று விளம்பரமாகும் நாளில், கரைவலை இழுக்கும் ஊர்களிலிருந்தும் விண்ணப்பங்கள் போய்ச் சேர வேண்டும்.