கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் பிராணவாயுவின் பங்கு

புனே நகரின் நடுவே முளா, முட்டா என்னும் இரு நதிகள் கூடி, முளா-முட்டா என்ற பெயருடன் கிழக்கே ஓடிப் பீமா நதியில் கலக்கின்றன. பீமாவின் நீர் 1980-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட உஜனி அணையில் தேங்குகிறது. சோலாப்பூர் நகருக்குக் குடிநீர் தருவது அந்நீர்த்தேக்கமே. எனவே, புனேயின் கழிவுநீர் எவ்வளவு தூய்மையுடன் நதியில் விடப்படுகிறது என்பது புனே மக்களை மட்டும் பொறுத்த விஷயமன்று.

முளா-முட்டாவின் மாசைக் குறைக்கும் திட்டத்திற்கென 2016 ஜனவரியில் ஜப்பானியக் கடனுதவி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அப்போதிருந்த சுத்திகரிப்புத் திறன் நாளொன்றுக்கு 477 மில்லியன் லிட்டர். மேலும் 396 மில்லியன் லிட்டருக்கு 11 புதிய நிலையங்கள் அமைக்கத் திட்டமிடப்பட்டது. ஆனால் தொட்டிகளின் கொள்ளளவு மட்டும் அம்மோனியாவை அகற்றிவிடாது. அங்கு வாழும் நுண்ணுயிர்கள் சுவாசிக்கப் போதிய பிராணவாயு நீரில் கரைந்திருத்தல் வேண்டும்.

இரு படிகளில் நிகழும் மாற்றம்

அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவது உயிர்களின் செயலே என்பதை 1877-இல் பிரெஞ்சு விஞ்ஞானிகளான ஷ்லூசிங், முன்ட்ஸ் இருவரும் நிரூபித்தனர். மணலினூடே கழிவுநீரைச் செலுத்தியபோது அம்மாற்றம் நிகழ்ந்தது. குளோரோபாரம் ஆவி பட்டதும் நின்றுவிட்டது. 1890-இல் ருஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி இம்மாற்றத்தில் இரு படிகள் உண்டென்பதைத் தெளிவாக்கினார். முதற் படியில் ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக்குகிறது. அடுத்த படியில் வேறொரு வகை அதனை நைட்ரேட்டாக்குகிறது.

ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் என வழங்கும் உயிர்க்கசடு முறையை 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டெனும் லாக்கெட்டும் வெளியிட்டனர். அவ்வாராய்ச்சிக்கு வழிகாட்டிய கில்பர்ட் பௌலர், 1916-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திற்குப் பேராசிரியராக வந்தார் என்பது நம் நாட்டவர்க்கு நினைவிருக்கத்தக்கது.

பிராணவாயுவுக்குப் போட்டி

ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் முழுவதும் நைட்ரேட்டாவதற்குச் சுமார் 4.57 கிராம் பிராணவாயு தேவை. லிட்டருக்கு 30 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் கொண்ட கழிவுநீர் ஒரு மில்லியன் லிட்டர் வந்தால், இதற்கு மட்டும் ஏறத்தாழ 137 கிலோகிராம் பிராணவாயு செலவாகும். இச்செலவு தொட்டியில் நடைபெறாவிடில் பெரும்பாலும் நதியில் நடைபெறும். மீன்களின் சுவாசத்திற்குரிய பிராணவாயு அவ்வாறு குறையும். அம்மோனியாவும் மீன்களுக்கு நஞ்சாகும்.

தொட்டியில் அங்ககப் பொருள்களை உண்ணும் பாக்டீரியாக்களும் உள்ளன. இவை விரைவில் பெருகுவன. பிராணவாயு அரிதானாலும் அதனைப் பற்றிக்கொள்ளும் திறனுடையன. நைட்ரேட் ஆக்கும் பாக்டீரியாக்களோ மெதுவாக வளர்வன. ஆகவே பற்றாக்குறை நேரும்போது முதலில் தளர்பவை இவையே. இரண்டாம் படியின் பாக்டீரியாக்கள் பொதுவாக மேலும் நலிவதால் நைட்ரைட் தேங்குவதுண்டு. நைட்ரஸ் ஆக்ஸைடு என்னும் வெப்பம் தேக்கும் வாயுவும் மிகுதியாக வெளிப்படக்கூடும்.

பொதுவாக லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் கரைந்த பிராணவாயுவை வைத்திருப்பது வழக்கம். 0.5 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான நிலையங்களில் வேகம் வெகுவாகக் குறையும். கசடு நெடுநாள் தொட்டியில் தங்கி, குறைந்த பிராணவாயுவுக்குப் பழகிய இடங்களில் மட்டும் இவ்வேலை ஓரளவு நடைபெறும்.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்திலுள்ள புனேயில், 30 டிகிரி வெப்பத்தில் நீர் லிட்டருக்குச் சுமார் 7 மில்லிகிராம் பிராணவாயுவையே கரைத்துக்கொள்ளும். நீர் சூடேறும்போது பாக்டீரியாக்களின் தேவை மிகும். கரையும் அளவோ குறையும். கோடைக்காலத்தில் விசேஷக் கவனம் தேவைப்படுவதன் காரணம் இதுவே. எனினும் அளவுக்கு மீறிக் காற்றூட்டுவதும் பிழையே. மின்சாரம் வீணாவதுடன், மிஞ்சிய பிராணவாயு அடுத்த தொட்டிக்குச் சென்று, அங்கு நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாக மாறுவதைத் தடுக்கும்.

ஊழியர்கள் கவனிக்க வேண்டியவை

வெளியேறும் நீர் தெளிந்து தோன்றுவது போதிய சான்றன்று; அம்மோனியாவுக்கு நிறமில்லை. கரைந்த பிராணவாயுவைத் தொட்டியிலேயே, அதிகச் சுமை வரும் வேளையிலும், ஓரிடத்தில் மட்டுமன்றிப் பல இடங்களிலும் அளத்தல் வேண்டும். புட்டியில் எடுத்த மாதிரியில் கசடு தொடர்ந்து சுவாசிப்பதால் தாமதம் நேர்ந்தால் அளவு குறைத்தே காட்டும். பிராணவாயு போதுமானதாக இருந்தும் அம்மோனியா குறையவில்லையெனில் நீரின் காரத்தன்மையைச் சோதிக்க வேண்டும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்குச் சுமார் 7 கிராம் காரத்தன்மை, கால்சியம் கார்பனேட் கணக்கில், செலவாகிறது.

காற்றூட்டும் இயந்திரம் நெடுநேரம் நின்று இப்பாக்டீரியாக்கள் அழிந்துவிட்டால், அவை மீண்டும் பெருகப் பல நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். அதுவரை அம்மோனியா ஆற்றுக்கே செல்லும்.