உங்களுக்குத் தெரியுமா? என்லார்ஜர் பல்புக்கு வாட் மட்டும் போதாது

நெகட்டிவைப் பெரிதாக்கிக் காகிதத்தில் பிரிண்ட் போடும் கருவியான என்லார்ஜரின் பழைய பால்வெள்ளை குண்டு பல்பு கிடைக்காதபோது, வாட் மட்டும் பார்த்து மாற்று வாங்கினால் ஏமாறுவோம். கருப்பு-வெள்ளை பிரிண்ட் காகிதம் முக்கியமாக நீலத்தையும் பச்சையையுமே உணரும். அதனால்தான் இருட்டறையில் செவ்விளக்கை எரியவிட முடிகிறது. இல்ஃபோர்டு 1940-இல் கொண்டுவந்த மல்டிகிரேடு வகைக் காகிதத்தில் நீல ஒளி கான்ட்ராஸ்டைக் கூட்டும், பச்சை குறைக்கும். ஆகவே பல்பில் இந்த இரு நிறங்களும் எவ்வளவு இருக்கின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சிஎஃப்எல் இதற்கு ஒத்துவராது: போட்டவுடன் முழு வெளிச்சம் வராது, அணைத்த பிறகும் பாஸ்பர் பூச்சு சற்று மினுங்கும்; பத்து விநாடி எக்ஸ்போஷரில் அது பெரிய பிழை. எல்இடி உடனே எரிந்து உடனே அணைகிறது. சூடு குறைவு என்பதால் நெகட்டிவ் நடுவில் வளைந்து ஃபோகஸ் மாறும் தொல்லையும் குறையும். வெள்ளை எல்இடியில் நீலம் தூக்கல், கான்ட்ராஸ்டை மாற்றும் ஃபில்டர்களின் எண்கள் பொய்த்துப்போகும் என்பார்கள். உண்மைதான், ஆனால் படிப்படியாகக் கருமை கூடும் பட்டையான ஸ்டெப் வெட்ஜை ஒவ்வொரு ஃபில்டரிலும் பிரிண்ட் போட்டால் புதிய கணக்கு பிடிபட்டுவிடும். ஓரங்களில் ஒளி குறையும் என்பது இன்னும் நியாயமான குறை. லென்ஸால் ஒளியைக் குவிக்கும் கண்டென்சர் என்லார்ஜருக்கு ஒளி சீராகப் பரவும் உருண்டை பல்பு வேண்டும்; பாதி உடம்பை பிளாஸ்டிக் மறைக்கும் பல்பு ஆகாது. வாங்கியதும் நெகட்டிவ் வைக்காமல் வெளிர்சாம்பலாக ஒரு பிரிண்ட் போடுங்கள். நடுவும் நான்கு மூலையும் ஏறக்குறைய ஒரே நிறமாக வந்தால் அந்த பல்பையே வைத்துக்கொள்ளலாம்.